குழந்தைக்கு இரவுக் காற்று ஆகாதா?

விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும்.

"பனி இறங்குகிறது. பிள்ளைக்கு ஆகாது" என்பார் பாட்டி.

"வாடைக் காற்று பட்டால் சளி பிடிக்கும்" என்பார் அத்தை.

"இருட்டின பிறகு பிள்ளையை வாசலுக்குக் கொண்டு வராதே அம்மா. காற்றுக் கருப்பு பட்டுவிடும்" என்பார் எதிர்வீட்டு அம்மாள்.

கதவு அடைபடும். குழந்தையின் தலையில் கம்பளிக் குல்லாய் ஏறும். காதில் பஞ்சு வைக்கப்படும். கொசுவை விரட்ட மூலையில் ஒரு சுருள் புகையும். அந்த ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பார்கள்.

குழந்தை இரவெல்லாம் சிணுங்கும். நாலு நாளில் மூக்கு ஒழுகும்.

"பார்த்தாயா! அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஜன்னல் திறந்திருந்தது. அதனால் வந்த வினை!" என்று பழி ஜன்னல் மேல் விழும். பிள்ளை பெற்றவளும் திட்டு வாங்குவாள்.

இது நியாயமா? இரவுக் காற்று உண்மையிலேயே குழந்தைக்கு நஞ்சா?

இல்லவே இல்லை.

பகலில் வீசும் அதே காற்றுதான் இரவிலும் வீசுகிறது. சூரியன் மறைந்ததும் அது கொஞ்சம் குளிர்கிறது. கொஞ்சம் ஈரம் கூடுகிறது. அதற்காக அது நஞ்சாகிவிடாது.

ஆனால் இரவில் குழந்தைக்கு ஆபத்தே கிடையாதா? உண்டு. அந்த ஆபத்து காற்று அல்ல. உண்மையான குற்றவாளி வேறு. அவனைப் பிடிக்க உலகத்துக்குப் பல நூறு ஆண்டுகள் ஆயின!

உலகமே பயந்தது

இரவுக் காற்றுக்குப் பயந்தவர்கள் தமிழ்நாட்டுப் பாட்டிகள் மட்டும் அல்ல. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயந்தன. படித்த வைத்தியர்களே பயந்தார்கள்.

சதுப்பு நிலத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் ஒரு கெட்ட ஆவி எழும்புகிறது. அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். இரவில் அதன் பலம் அதிகம் — இப்படி அவர்கள் நம்பினார்கள்.

1776-ம் ஆண்டு. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த ஆண்டு அது. பெஞ்சமின் பிராங்ளின், ஜான் ஆடம்ஸ் என்ற இரு தலைவர்கள் ஆங்கிலேயத் தளபதியோடு பேசப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு விடுதியில் தங்கினார்கள். இடம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல்.

ஆடம்ஸ் போய் ஜன்னலைச் சாத்தினார். அவருக்கு இரவுக் காற்று என்றால் பயம்!

பிராங்ளின் தடுத்தார். குளிர்ந்த காற்றால் யாருக்கும் ஜலதோஷம் வருவது இல்லை என்பது அவர் கட்சி. மூடிய அறையில் பலர் நெருங்கி இருந்து, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் சுவாசிப்பதால்தான் அது வருகிறது என்றார். ஜன்னல் திறந்தது. பிராங்ளின் படுத்துக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டபடியே ஆடம்ஸ் தூங்கிப்போனார்.

பின்னாளில் ஆடம்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனார். பிராங்ளின் 84 வயது வரை வாழ்ந்தார். ஆடம்ஸ் 90 வயது வரை வாழ்ந்தார். அந்த இரவுக் காற்று இரண்டு பேரையும் ஒன்றும் செய்துவிடவில்லை!

நோயாளிகளுக்குப் பணி செய்வதில் உலகப் புகழ் பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் இந்தப் பயத்தைக் கண்டித்தார். நோயாளியின் அறைக்குள் இரவிலும் சுத்தமான காற்று வர வேண்டும் என்று 1859-ல் வெளியான தம் நூலில் வற்புறுத்தினார்.

ஆனாலும் பயம் போகவில்லை. காரணம், மலேரியாக் காய்ச்சல்.

பெயரிலேயே பழி

"மலேரியா" என்பது இத்தாலி மொழிச் சொல்லில் இருந்து வந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? "கெட்ட காற்று!"

ரோம் நகரத்தைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் இருந்தன. மாலையில் அங்கே தங்கியவர்களுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. பகலில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பியவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்களும் ஓரளவு தப்பினார்கள்.

கண்ணால் பார்த்த உண்மை இது. ஆகவே, "இரவுக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது" என்று முடிவு கட்டினார்கள். நோய்க்குக் "கெட்ட காற்று" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

1880-ல் லாவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர், நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கிருமி ஓர் உடலில் இருந்து இன்னோர் உடலுக்கு எப்படிப் போகிறது? அது விளங்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ். அவர் சென்னை ராஜதானியின் மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1897-ல் உதகமண்டலம் பக்கத்தில் ஆராய்ச்சி செய்தபோது அவரே மலேரியாவில் படுத்தார். எழுந்ததும் வேலையைத் தொடர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தார். அதன் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்ந்துகொண்டிருந்தது! 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரோமாபுரிக் குடிசை

கொசுதான் காரணம் என்று சொன்னால் ஜனங்கள் நம்ப வேண்டுமே! அதற்கு ஒரு சோதனை நடந்தது.

ராஸுக்கு வழிகாட்டியவர் லண்டனில் இருந்த டாக்டர் பாட்ரிக் மான்சன். அவர் 1900-ம் ஆண்டு கோடையில் சம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்களை ரோம் பக்கத்துச் சதுப்பு வெளிக்கு அனுப்பினார். மலேரியாவுக்குப் பெயர்போன இடம் அது.

அங்கே ஒரு மரக் குடிசை. அதன் கதவு, ஜன்னல்களுக்கெல்லாம் கொசு நுழைய முடியாத வலை. டாக்டர்களும் உடன் இருந்தவர்களும் பகல் முழுவதும் வெளியில் திரிந்தார்கள். பொழுது சாய்ந்ததும் குடிசைக்குள் போய்விட்டார்கள். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. "கெட்ட காற்று" வலை வழியாகத் தாராளமாக வந்தது. இரவு முழுவதும் அதைத்தான் சுவாசித்தார்கள். முன்தடுப்பாகக் கொயினா மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.

இப்படிச் சுமார் மூன்று மாதம்! சுற்றுப்புறத்தில் பலர் மலேரியாவில் படுத்தார்கள். குடிசையில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

அதே சமயம் இன்னொரு சோதனையும் நடந்தது. மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் ரோமில் இருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. டாக்டர் மான்சனின் மகனே தம் கையை நீட்டிக் கடிக்க விட்டார். அப்போது லண்டனில் மலேரியா இல்லை. ரோமின் "கெட்ட காற்று"ம் அங்கே இல்லை. அந்த வாலிபருக்கோ காய்ச்சல் வந்துவிட்டது! கொயினா கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

காற்றைச் சுவாசித்தவர்களுக்கு நோய் இல்லை. கொசு கடித்தவருக்கு நோய் வந்தது. வழக்கு தீர்ந்தது. காற்று விடுதலை! கொசு குற்றவாளி!

பாட்டி சொன்னதில் பாதி சரி

அப்படியானால் பழைய காலத்துப் பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? அப்படிச் சொல்லுவது தவறு.

இருட்டின பிறகு ஆபத்து வருகிறது என்பதை அவர்கள் பார்த்தார்கள். அது சரி. ஜன்னல் வழியாக வருகிறது என்பதைப் பார்த்தார்கள். அதுவும் சரி. யார் வருகிறார் என்பதில்தான் தவறிவிட்டார்கள்.

திருடன் தெரு வழியாக வந்தான் என்பதற்காகத் தெருவையே குற்றம் சொல்லலாமா? காற்றைக் குற்றம் சொல்லுவதும் அதுபோலத்தான்.

மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில்தான் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவும் பெரும்பாலும் இரவில்தான் கடிக்கும். ஆகவே பாட்டியின் எச்சரிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். திருத்திக்கொண்டால் போதும். "காற்று வராமல் சாத்து" என்பதை, "கொசு வராமல் வலை கட்டு" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் மாலை சாய்வதற்கு முன்பும் அதன் தொல்லை அதிகம். இரவில் ஜன்னலைச் சாத்துவதால் டெங்கு தடைபடாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை தேவை.

உள்ளே இருக்கும் எதிரி

வெளிக்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்களா?

கொசுவர்த்திச் சுருள் எரிகிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரிந்ததற்குச் சமமான நுண்துகள் வெளிவருகிறது என்று அதில் கண்டார்கள்!

குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் இத்தனை சிகரெட்டைக் கொளுத்தி வைக்க எந்தத் தாயாவது சம்மதிப்பாளா? தெரியாமல் செய்கிறார்கள். அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்கிறார்கள்.

சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். மணமாக இருப்பதால் புகை புகை இல்லாமல் போய்விடாது. விறகு அடுப்புப் புகை, அப்பாவின் பீடிப் புகை எல்லாம் ஒரே இனம். வீட்டுக்குள் புகை சூழ்ந்தால் குழந்தைக்கு நிமோனியா வரும் அபாயம் கூடுகிறது.

குழந்தையின் மூச்சு பெரியவர்களின் மூச்சைப் போன்றது அல்ல. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். பெரியவர்கள் 12 முதல் 20 தடவைதான் விடுவார்கள். உடல் எடையோடு சேர்த்துப் பார்த்தால், அறையில் உள்ள புகையை அதிகமாக இழுப்பது குழந்தைதான்.

எல்லாவற்றிலும் கொடியது கரி நெருப்பு. குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவை அடைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத கதை உண்டு. அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது. வாசனையும் கிடையாது. பிள்ளை பெற்ற அறையில் தணல் வைத்து மூடுவது கூடவே கூடாது.

சளி யாரால் வருகிறது?

ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ் கிருமிகள். அவை ஜன்னல் வழியாகப் பறந்து வருவதில்லை. தும்முகிற அண்ணனிடம் இருந்தும், இருமுகிற தாத்தாவிடம் இருந்தும், முத்தம் கொடுக்கிற விருந்தாளியிடம் இருந்தும் வருகின்றன. அடைத்த அறையில் அவை வேகமாகப் பரவும். திறந்த ஜன்னல் கிருமியைக் கலைத்து வெளியே தள்ளும். 1776-ல் பிராங்ளின் சொன்னது இன்று சரியாகிவிட்டது.

குளிருக்கும் சளிக்கும் தொடர்பே இல்லையா? 2005-ல் பிரிட்டனில் கார்டிப் நகரில் 180 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கால் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில்தான் அதிகம் பேருக்குச் சளி அறிகுறி தோன்றியது. மூக்கில் முன்பே ஒளிந்திருந்த கிருமிக்குக் குளிர் இடம் கொடுத்திருக்கலாம் என்பது அந்த ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

இருக்கட்டும். குளிருக்கு மருந்து போர்வைதான். அடைத்த ஜன்னல் அல்ல.

பனி தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். பனித்துளி வானத்தில் இருந்து விழுவது இல்லை. குளிர்ந்த தண்ணீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? அதுபோல, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த புல்லின் மேல் துளியாகப் படிகிறது. குழந்தையின் தலை சூடாக இருக்கிறது. அதன் மேல் பனி படியாது.

காது வழியாகக் காற்றுப் புகுந்து சளி பிடிப்பதும் இல்லை. காதுக்குள் பஞ்சைத் திணிக்கத் தேவை இல்லை.

குளிர் வேறு, காற்று வேறு

பச்சைக் குழந்தைக்குச் சூடு வேண்டும். இதில் பாட்டி சொல்வது முழுக்கச் சரி. அதன் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். அது உயிருக்கே ஆபத்து.

அதற்கு நல்ல கணப்பு எது? தாயின் மார்பு! கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் 1978-ல், சூட்டுப் பெட்டிகள் போதாமல் போயின. எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு உடல் படும்படி அணைத்து வைத்தார்கள். இன்று "கங்காரு முறை" என்ற பெயரில் உலகமெங்கும், இந்திய ஆஸ்பத்திரிகளிலும் அதைச் செய்கிறார்கள்.

பெரியவர்கள் உடுத்துவதைவிட ஒரு துணி கூடுதலாகக் குழந்தைக்குப் போட்டால் போதும். சூடு சரியா என்று அறியக் கையையும் காலையும் தொட்டுப் பார்க்கக் கூடாது. அவை சற்றுக் குளிர்ந்தே இருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் துணி அதிகம்.

சூடு மிஞ்சினாலும் ஆபத்து உண்டு. தூங்கும் குழந்தையின் முகத்தை மூடவே கூடாது. சித்திரை வெயில் காலத்தில் கம்பளிக் குல்லாய் கொடுமை. தூளியில் ஆட்டித் தூங்க வைத்தாலும், பிறகு சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே நல்லது.

எப்போது சாத்தலாம்?

ஜன்னலைச் சாத்த வேண்டிய நாளும் உண்டு. போகி விடியற்காலையில் ஊரெல்லாம் பழைய பொருளைக் கொளுத்துவார்கள். 2018 ஜனவரியில் போகிப் புகையால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போயின. தீபாவளி இரவும் அப்படித்தான். பக்கத்தில் குப்பை எரிந்தாலும் சாத்த வேண்டியதுதான். குளிர்ந்த இரவில் புகை மேலே போகாமல் தரையை ஒட்டியே தங்கும். சாரல் உள்ளே அடித்தாலும் சாத்தலாம்.

இவை தவிர மற்ற இரவுகளில் ஜன்னல் திறந்திருக்கட்டும். நேராகக் காற்று அடிக்கும் இடத்தை விட்டு ஓரமாகக் குழந்தையைப் படுக்க வைத்தால் போதும். திருடர் பயம் உள்ள வீட்டில் மேல் கதவை மட்டும் திறக்கலாம்.

இது எல்லாருக்கும் எளிதா? சாக்கடை ஓரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தாயிடம், "ஜன்னலைத் திற" என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. திறந்தால் நாற்றமும் கொசுவும் வரும். சாத்தினால் புழுக்கமும் புகையும் சூழும். அவள் என்ன செய்வாள்?

அங்கே கடமை அவளுக்கு மட்டும் அல்ல. தேங்கிய சாக்கடையை ஓட வைப்பது நகராட்சியின் கடமை. ஜன்னல் இல்லாத அறையை வாடகைக்கு விடாமல் இருப்பது வீட்டுக்காரரின் கடமை. தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பது எல்லாருடைய கடமை. குழந்தைக்குப் பரிசு வாங்கும் உறவினர், தலைக்குல்லாய்க்குப் பதில் ஒரு கொசுவலை வாங்கிக் கொடுக்கலாம். சுருளுக்குத் தினமும் காசு. வலைக்கு ஒரு முறைதான் காசு.

கவனிக்க வேண்டிய அறிகுறி

சளி பிடித்த குழந்தைக்கு ஜன்னலைச் சாத்துவது வைத்தியம் அல்ல. அதன் மூச்சை எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50 தடவை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அப்போது மணி பன்னிரண்டு ஆனாலும் சரி. வெளியே வாடை வீசினாலும் சரி. "இந்த நேரத்தில் பிள்ளையை வெளியே எடுக்காதே, விடியட்டும்" என்று யாராவது தடுத்தால் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படும் இரவுக் காற்றால் குழந்தை சாகாது. விடியட்டும் என்று காத்திருந்தால் சாகலாம்.